இன்ஸ்ப்ருக் கோயில் வாசலில் கழற்றிய பூட்ஸ்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜெர்மனியின் மியூனிக்கில் ரயில் ஏறினோம். எனக்கு ஒரு முதுகுப்பை, மகள் ஜெபாவுக்கு ஒன்று. அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்காக நான்கு நாள் லீவு போட்டிருந்தாள். அவளோடு ஒரு மலையாவது நடந்து ஏற வேண்டும் என்றுதான் நான் குலசேகரத்திலிருந்து கிளம்பினேன். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவேன். தெருமுனை வரைக்கும்கூட அவளோடு நடந்ததில்லை.

ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் வந்துவிட்டது. நாடு மாறியதே தெரியவில்லை. நமக்குக் கேரளா போகக் களியக்காவிளையில் ஒரு செக்போஸ்டாவது உண்டு.

ஆற்றங்கரையில் மஞ்சள், ரோஸ், பச்சை என்று வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. மலை அவற்றின் கொல்லையிலேயே நிற்பது போல இருக்கிறது. பகல் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தோம். காப்பி நாலரை யூரோ. ரூபாயில் கணக்குப் போடாதே என்று ஜெபா சொல்லியிருந்தாள். போட்டுவிட்டேன், காப்பி இறங்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மழை தூறியது. ஜெபா ரொட்டி வாங்கப் போனாள். நான் சிலுவை வைத்த ஒரு பெரிய கோயிலுக்குள் போய் ஜெபம் பண்ணிவிட்டு வெளியே வந்தேன். மலை ஏறுவதற்கென்று அவள் வாங்கித் தந்த புது பூட்ஸைக் காணவில்லை.

"யம்மா, பூட்ஸ் எங்க?"

"வாசல்லதான் கழத்திப் போட்டேன்."

"இது என்ன நம்ம ஊரு கோயிலா? இங்க யாரும் கழத்தமாட்டாவ."

"கழத்தாம ஆண்டவருக்க முன்னால போய் நிப்பாவளாட்டி?"

கடைகளை அடைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை திறப்பதில்லை. ஈரச் சாக்ஸோடு அரை கிலோமீட்டர் நடந்து, பைகளைப் போட்டிருந்த விடுதிக்கு வந்தோம்.

"நாளைக்கு நடக்காண்டாம். ரோப் கார்ல போவோம்" என்றாள்.

"முப்பது வருஷம் மலஞ்சரிவுல பால் வெட்டுனவளாக்கும் நான். பையில கெடக்க ரப்பர் செருப்போட ஏறுவேன்."

"ஒனக்க முட்டு வலி எனக்குத் தெரியாதா? வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?"

"நீ நர்சுதானே, தூக்கு."

அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான்கு நாளில் ஒன்று போய்விட்டது.

ஞாயிறு காலை ஏழு மணி. வேறு சபை என்றாலும் ஆராதனையை விட முடியுமா? அதே கோயிலுக்குப் போனோம். வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றினேன். ஜெபா அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும், கோயிலைச் சுத்தம் செய்யும் நரைத்த தலை அம்மாள் ஒருத்தி என் வெறும் காலைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கையைப் பிடித்து ஓர் அறைக்குக் கூட்டிப் போனாள். ஹீட்டர் பக்கத்தில், உள்ளே காகிதம் திணித்துக் காயவைத்தபடி, என் பூட்ஸ்!

"மழயில நனையுதுன்னு எடுத்து வச்சாவளாம்" என்று ஜெபா சொன்னாள். "உள்ள ஒரு ஆளு வெறுங்காலோட இருக்கும்னு நெனைக்கலியாம். பொறவு நெனச்சு நெனச்சு ரொம்ப விசனப்பட்டாவளாம்."

அந்த அம்மாளின் கையும் என் கை போலக் காய்ப்புக் காய்த்த கை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது பத்துக்கு பஸ். இறங்கிய இடத்திலிருந்து, மலைமேல் சூப்பு விற்கும் விடுதிக்கு ஐந்து கிலோமீட்டர். தோட்டத்தில் மரத்துக்கு நம்பர் போடுவது போல, வழி நெடுகப் பாறைகளில் சிவப்பும் வெள்ளையும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மணி கட்டிய மாடுகள் மேய்கின்றன. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். நானும் தமிழில் சொன்னேன்.

"யம்மா, பைய போ" என்று பின்னால் மூச்சிரைக்க வந்த ஜெபாவின் சத்தம்.

"இப்ப யாரு யாரத் தூக்கணும் மக்களே?"

இந்த முறை சிரித்துவிட்டாள்.

மூன்று மணி நேரம் ஆனது. மேலே காற்றில் உடம்பு விறைத்தது. விடுதி வாசலில் மரத்தட்டு நிறைய பூட்ஸ்கள், முப்பது ஜோடி இருக்கும். ஜெபா பக்கத்திலிருந்த போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"பூட்ஸக் கழத்தி வச்சிட்டுத்தான் உள்ள வரணுமாம்."

"பாத்தியா, சூப்புக்கடைக்குத் தெரிஞ்ச மரியாத கோயிலுக்குத் தெரியல!"

குளிரில் விரல் மரத்து, அவளால் கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்தேன்.

"யம்மா, ஆளுவ பாக்காவ."

"பாக்கட்டும்."

நாற்பத்திரண்டு வயது மகளுக்கு முதன்முதலாகச் செருப்பு கழற்றிவிட்டேன். எங்கள் இரண்டு ஜோடியையும் தட்டில் ஒட்டினாற்போல வைத்துவிட்டு உள்ளே போனோம். சூப்பு ஒன்பது யூரோ. கணக்குப் போடவில்லை. இறங்குவதற்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது, அதுவும் அவளோடு.