நான் தமிழ்ப்படுத்திக் கெடுத்த படிப்பு

“...அஞ்சாவதே ஃபெயிலுங்க நானு. நான் பாக்கற வேலையப் பாக்கறதுக்கு எங்க மாமன் பொண்ணு நாலு வருசம் காலேஜுக்குப் போவணுமாங்க? நீங்களே சொல்லுங்க சார்.”

சொன்னவன் முருகேசன். இருபத்து நாலு வயது. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியின் தோட்டத்தில் வேலை. அங்கே அந்த வேலைக்கு ‘மாலி’ என்று பெயர். ஆடிப் பதினெட்டுக்கு லீவில் வந்தவன், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு என் எதிரில் நின்றான்.

நான் என்னத்தைச் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை, கம்பைநல்லூருக்குப் பக்கத்தில், ஒரு கடலைக்காட்டு வரப்பில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு இப்படி ஒரு நிலைமை. காரணம்... அந்த வீட்டுச் சண்டையை மூட்டிவிட்டவனே நான்தான்.

நடந்தது இதுதான்.

அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் பெயர் சின்னப்பையன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் பேரன் பேத்தி எடுத்த சின்னப்பையன்கள் நிறையப் பேர் உண்டு. வெளியூர் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். மானாவாரிப் பூமி. மழை பெய்தால் கடலை, கேழ்வரகு. பெய்யாவிட்டால் அண்ணாந்து பார்க்கிற வேலை.

அவர் மகள் மாதேஸ்வரி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் சொல்லி அப்ளிகேஷன் போட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. மகள் படித்துச் சொல்லிவிட்டாள்தான். ஆனாலும் வெளியாள் ஒருத்தர் வாயால் கேட்டால்தானே அப்பனுக்கு நிஜமாகும்? கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, அரூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியாததா? வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் படாத பக்கத்தைப் படித்துக் கற்றது. இருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோரணையாகப் பார்த்தேன். ‘பி.எஸ்ஸி. ஹார்ட்டிகல்ச்சர்’ என்று போட்டிருந்தது.

“தோட்டக்கலைப் படிப்புங்க. நாலு வருசம். பெரிய படிப்பு” என்றேன்.

சின்னப்பையன் காதில் ‘கலை’ விழவில்லை. ‘தோட்டம்’ விழுந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மழையை நம்பின பூமிக்குக் காடு என்று பெயர். கிணறும் மோட்டாரும் இருந்தால்தான் அது தோட்டம். கல்யாண வீட்டில் தோட்டக்காரர் வந்தால் நாற்காலி தேடுவார்கள். காட்டுக்காரர் வந்தால், “வாங்க, அப்பிடிக்கா உக்காருங்க” என்று பாயைக் காட்டுவார்கள். சின்னப்பையன் ஆயுசு முழுக்கப் பாயில் உட்கார்ந்தவர். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே...

“படிச்சு முடிச்சா கவுருமெண்டுல கெணறு வெட்டிக் குடுப்பாங்களாங்க சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் சிரித்தேன். ‘இல்லைங்க, இது வேற’ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனுஷனைத் திருத்த எனக்கு எப்போதுமே கை வராது. அவர் அதற்கப்புறம் கம்பைநல்லூர் சந்தையிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும், மகள் தோட்டக்காரியாகப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

இந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து முருகேசன் வந்து இறங்கினான். அவன் சின்னப்பையனின் அக்கா மகன். மாமன் சொன்னதைக் கேட்டுவிட்டு, நகரத்தில் தோட்டக்காரன் என்றால் யார் என்பதை விளக்கியிருக்கிறான். செடிக்குத் தண்ணீர் பிடிக்கிறவன். குழி வெட்டுகிறவன். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளுகிறவன். “தோட்டக்காரன்னா அங்க நாந்தான் மாமா” என்றானாம்.

பாருங்கள், வித்தியாசம் ஒரே ஒரு எழுத்துதான். தோட்டக்காரர் — நாற்காலி. தோட்டக்காரன் — துடைப்பம்.

அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் ஒரு வேலைக்கு மரியாதை வேலையிலா இருக்கிறது? கடைசி எழுத்தில் அல்லவா இருக்கிறது! இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன். டாக்டர், கலெக்டர், இன்ஜினீயர் என்று எல்லாவற்றிலும் முன்கூட்டியே ஒரு ‘ர்’ வைத்து அனுப்பிவிட்டான். டிரைவரும் கண்டக்டரும்கூட அந்தப் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார்கள். ஹார்ட்டிகல்ச்சரிலும் கடைசியில் ஒரு ‘ர்’ இருக்கத்தான் இருந்தது. நான்தான் அவசரப்பட்டுத் தமிழ்ப்படுத்திக் கெடுத்துவிட்டேன்.

மாதேஸ்வரிக்காக இறக்கி வைத்திருந்த ட்ரங்குப் பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் அவள் அப்பாவோடு கல்லூரியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பாவோ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் கண்டக்டர் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். ‘சார், நீங்கள் சொன்னதால்தான் இப்படி ஆனது. நீங்களே வந்து சொல்லுங்கள். — மாதேஸ்வரி.’

அதனால்தான் வரப்பு. அதனால்தான் விழிப்பு.

காட்டில் களை வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு நிரை பிடித்து, குனிந்தபடி முன்னேறுவார்கள். அப்பா ஒரு நிரை, அம்மா ராஜம்மா ஒரு நிரை, மாதேஸ்வரி ஒரு நிரை. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. களைக்கொத்து மட்டும் கொஞ்சம் வேகமாக விழுந்தது.

நான் முருகேசனுக்குப் பதில் சொல்வதற்குள் சின்னப்பையன் நிமிர்ந்தார். கையில் வேரும் மண்ணுமாக ஒரு கொத்து அருகம்புல்.

“இதப் பாருங்க சார். பொறந்ததுல இருந்து இதைப் புடுங்கிப் புடுங்கித்தான் எம் முதுகு வளஞ்சுபோச்சு. பெங்களூர்ல இதைக் காசு குடுத்து வாங்கியாந்து நடறாங்களாம். எம் பொண்ணு புல்லு நடறதுக்குப் படிக்கணுமா? ஊர்ல கேட்டா எதுல சிரிப்பாங்க?”

எனக்கும் ஒரு சான்ஸ் கிடைத்ததென்று ஆரம்பித்தேன். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்துவதே அந்தப் புல்லைச் சொல்லித்தானே, அதற்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன்.

“வாழ்த்தறது வாயிங்க சார்” என்றார் சின்னப்பையன். “புடுங்கறது கையி.”

அவ்வளவுதான். பையிலிருந்து பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டேன். பிரசங்கம் செய்ய வந்தவன், படித்துக்கொண்டு திரும்புகிற கதை எனக்குப் புதிதில்லை.

மாதேஸ்வரி அப்போதுதான் பேசினாள். குனிந்தபடியேதான். அது செடி நடுகிற படிப்பில்லையாம். எதை எங்கே நட்டால் பத்து வருசம் கழித்து எவ்வளவு உயரம் வரும், நிழல் எந்தப் பக்கம் விழும், வேர் எந்தச் சுவரைப் பிளக்கும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு வரைகிற படிப்பாம். பழ மரம் உண்டு, காய்கறி உண்டு, ஊருக்குப் பூங்கா அமைப்பதும் உண்டு. டீச்சர் புத்தகம் காட்டினாராம். அப்பா கேட்டுக்கொண்டார். நம்பின மாதிரி தெரியவில்லை. இதெல்லாம் நிஜமா என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் காட்டில் முருகேசன்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முருகேசனுக்கு மாதேஸ்வரி முறைப்பெண். இன்னாருக்கு இன்னார் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பெரியவர்கள் பேசிவைத்தது. அவளை யாரும் கேட்கவில்லை; அவனையும்தான். ஆனால் அவன் பெங்களூரில் ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். அவள் நாலு வருசம் படிக்கப் போனால்?

அதனால்தான் குறுக்கே நிற்கிறான் என்று முதலில் நானும் நினைத்தேன். அது மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவனே சொன்னான்.

“அங்க எம் பேரு ஒருத்தருக்கும் தெரியாதுங்க சார். மூணு வருசமாச்சு. ‘ஏ மாலி, பா இல்லி’ம்பாங்க, இங்க வான்னு. அவ்ளோதான். அந்தப் பேரு இந்தப் புள்ளைக்கும் வரணுமாங்க?”

களைக்கொத்துச் சத்தம் நின்றது. மாதேஸ்வரி முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னப்பையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

“ஏன் மாப்ள, அங்க உனக்கு வேலை சொல்றது யாரு?”

முருகேசன் ஒரு மண்ணாங்கட்டியைச் செருப்புக்காலால் உருட்டினான். ‘ஒரு மேஸ்திரி’ என்று சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? பெங்களூர் எங்கே, கம்பைநல்லூர் எங்கே? அந்த ஒரு வார்த்தையில் பெட்டி பரணிலேயே கிடந்திருக்கும். தை மாசம் கல்யாணமும் முடிந்திருக்கும்.

“ஒரு மேடம் மாமா” என்றான்.

“பொம்பளையா?”

“ஆமா. ஜீப்புல வருவாங்க.”

“அது என்ன படிச்சிருக்குது?”

முருகேசன் மண்ணாங்கட்டியை விட்டுவிட்டு மாமனை நேராகப் பார்த்தான்.

“இதே படிப்புத்தான் மாமா. உங்க பொண்ணு படிக்கப் போறதேதான்.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. அந்த மேடம் ஒரு பேப்பரை விரித்தால் இருபது பேரும் சுற்றி நின்று கேட்பார்களாம். போன வருசம் கம்பெனி காம்பவுண்டு சுவர் கட்டும்போது நடுவில் ஒரு பெரிய மரம் நின்றதாம். வெட்டச் சொல்லி மேனேஜரே உத்தரவு போட்டாராம். மேடம் முடியாது என்று சொல்லி, சுவரை வளைத்துக் கட்ட வைத்தார்களாம். இன்றைக்கும் சுவர் அந்த இடத்தில் மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறதாம். இதைச் சொல்லும்போது அவன் கை தானாக அந்த வளைவைக் காற்றில் போட்டுக் காட்டியது. அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டினவர்களில் அவனும் ஒருத்தன்.

சின்னப்பையன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, “சேலம் போயித்தான கோயமுத்தூருக்கு மாறணும்? சேலம் பஸ்சு காலையில மொதல்ல எத்தனை மணிக்குங்க?” என்றார்.

சொன்னேன். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்த உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

“பெட்டிய எறக்கோணும்” என்று எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார்.

இவ்வளவு நேரமும் வாயே திறக்காத ராஜம்மா, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். எல்லார் மனசிலும் இருந்ததை அவர்தான் கேட்டார்.

“ஏப்பா முருகேசா, இவ நாலு வருசம் படிச்சுட்டு, அந்த மேடமாட்டம் வந்து நின்னா... நீ என்னப்பா பண்ணுவ?”

முருகேசன் காட்டுக்குள் இறங்கினான். மாதேஸ்வரியின் எதிரில் போய் நின்று கையை நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு களைக்கொத்தைக் கொடுத்தாள்.

“துணியெல்லாம் எடுத்து வெக்கற வேலை இருக்குமில்ல. போ” என்றான். அவள் வரப்பேறிப் போகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து, அவள் விட்ட இடத்திலிருந்து அந்த நிரையை வெட்டிக்கொண்டு போனான்.