செயலாளர் நடத்திய சர்வாதிகாரி வகுப்பு

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் பதவிக்கு எப்போதும் அடிபிடி. தலைவருக்கு மாலை உண்டு, மேடையில் நடுக்கதிரை உண்டு, குத்துவிளக்கில் முதல் திரி ஏற்றும் உரிமை உண்டு. செயலாளருக்கு என்ன உண்டு? மண்டபத்துச் சாவி, உறுப்பினர் பட்டியல், கவுன்சிலுக்கு எழுத வேண்டிய கடிதங்கள். ஆகையால் செயலாளர் தெரிவு வந்ததும் சபையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சப்பாத்து நாடா அவிழ்ந்துவிடும். குனிந்துகொள்வோம். அப்படி நாங்கள் குனிந்திருந்த ஒரு வருடத்தில்தான் தோழர் கையைத் தூக்கினார்.

தோழர் என்று நான் சொல்வது ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியரை. இளமையில் யாழ்ப்பாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். கட்சி இரண்டாகப் பிளந்தபோது ஒரு பக்கம் போனார். அந்தப் பக்கம் பிளந்தபோது அதிலும் ஒரு பக்கம் போனார். கடைசியில் அவருடைய பக்கத்தில் அவரும் ஒரு சைக்கிளும்தான் மிஞ்சினதாகக் கேள்வி. பிறகு சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் மகனுடைய வீட்டு ஏசிக்குக் கீழே சாய்ந்திருந்து முதலாளித்துவத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் சுறுசுறுப்பான மனிதர். அதை மறுத்தால் வாய் அழுகிப்போகும்.

செயலாளரானதும் அவர் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினார். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம், ஹோம்புஷில் எங்கள் மண்டபத்தில். ரஷ்யாவின் அந்த மீசைக்காரர் நாட்டை எப்படிப் பிடித்தார், பிடித்ததைச் சாகும்வரை எப்படி விடாமல் வைத்திருந்தார் என்பதுதான் பொருள். ஒருகாலத்தில் தோழரின் வீட்டுச் சுவரில் அந்த மீசை தொங்கியது. அதைத் தானே கழற்றி வைத்தவர் என்பதால் இப்போது யாரையும்விடக் கூடுதலாகத் திட்டுவார்.

நான் அந்த வட்டத்தில் முன்வரிசை. அறிவுத்தாகம் என்று நினைத்துவிட வேண்டாம். வகுப்பின் நடுவில் தோழரின் மருமகள் பொரித்த பற்றிஸ், மீன் அடைத்த பலகாரம், வரும். என் மனைவியும் வருவாள். அவள் வருவது உண்மையிலேயே கேட்பதற்கு. சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகச் சின்ன வகுப்பு அவளுடையது. கிழமை முழுக்க ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் மற்றவர்களின் பல்வலியைக் குறித்துக்கொண்டிருப்பவள், சனிக்கிழமை காலையில் ஆளே வேறு. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளைகள் அவளிடம் மட்டும் "ரீச்சர், எனக்குத் தண்ணி வேணும்" என்று கேட்கும். அந்த மூன்று மணித்தியாலம்தான் அவளுடைய வாழ்க்கை, மிச்சம் எல்லாம் அதற்குப் போகும் வழி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

முதல் வகுப்பிலேயே தோழர் விஷயத்துக்கு வந்தார். "மற்றவை எல்லாம் மேடையில பேசித் திரிஞ்சவை. இவன் மட்டும் ஒருத்தரும் விரும்பாத செயலாளர் வேலையை எடுத்தான். ஏன்? ஆரை எங்க போடுறது எண்ட பட்டியல் அவன்ர கையில. பேச்சுக்காரர் இவனைக் கிளார்க் எண்டு பகிடி பண்ணினவை. பகிடி பண்ணினவை பிறகு எங்க?"

நாங்கள் உச்சுக்கொட்டித் தலையாட்டினோம். அதே கிழமை தோழர் நூலகப் பொறுப்பாளர், விளையாட்டுப் பொறுப்பாளர், ஒலிவாங்கிப் பொறுப்பாளர் என்று புதுப் பதவிகளை உண்டாக்கித் தனக்கு வேண்டியவர்களைப் போட்டிருந்தார். எனக்குக் கிடைத்தது கதிரைப் பொறுப்பு. அறுபது மடக்குக் கதிரைகளை விரிப்பதும் அடுக்குவதும். அதை நான் ஊருக்குப் போன் எடுத்துப் பெருமையாகச் சொன்னேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அடுத்த வகுப்பில் ரஷ்யாவின் பழைய தலைவருடைய இறுதி ஊர்வலம். மீசைக்காரர் பெட்டிக்குத் தோள்கொடுத்து எல்லாருக்கும் முன்னால் நின்றார். முக்கியமான போட்டியாளர் அன்று அங்கே இல்லை. தொலைவில் இருந்த தனக்குப் பிழையான நாளைச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் பின்னால் அழுதாராம். "செத்தவீட்டில முதல் அழுதவனுக்குத்தான் வீடு," என்றார் தோழர். அந்த மாதம் எங்கள் தலைவர் மகளோடு மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னுக்குக் குடிபோனார். பிரியாவிடைக்கு உபதலைவர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். அவருக்குப் போன செய்தியில் நேரம் அப்படித்தான் இருந்தது. அவர் வந்து சேரும்போது தோழர் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சபையும் துடைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தலைவர் கதிரை வெறுமையாக இருந்தது. அது நிரப்பப்படும்வரை கடமைகளைச் செயலாளர் பார்ப்பார் என்று சங்கத்தின் சட்டவிதிகளான யாப்பில் இருந்ததாம். யாப்பை நாங்கள் ஒருவரும் வாசித்ததில்லை. அதுவும் தோழரிடம்தான் இருந்தது.

இப்படியே போனது. மீசைக்காரர் இடதுசாரிகளைத் துரத்த வலதுசாரிகளைச் சேர்த்தார், பிறகு வலதுசாரிகளைத் துரத்தினார், ஆள் போனதும் படத்திலிருந்தும் அழித்தார். நாங்கள் "ஐயோ, என்ன மனுசன்!" என்று பற்றிஸ் கடித்தோம். எங்கள் வட்ஸ்அப் குழுவில் செயலாளர் மட்டுமே எழுதலாம் என்று ஆகியிருந்தது. பெருவிரல் காட்ட எங்களுக்கு அனுமதி இருந்தது. காட்டினோம்.

ஒரு ஞாயிறு தோழர் குரலை உயர்த்தினார். "பதின்மூண்டு வருசம்! பதின்மூண்டு வருசம் கட்சி மாநாட்டையே அவன் கூட்டேல்லை. ஏன் எண்டு ஒருத்தன் கேட்டவனே?"

என் மனைவி கையை உயர்த்தினாள். "அண்ணை, எங்கட பொதுக்கூட்டம் எப்ப? மூண்டு வருசமாகுது."

மண்டபத்தில் யாரோ பற்றிஸை விழுங்கிய சத்தம் கேட்டது. நானாக இருக்கலாம். தோழர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி, தங்கச்சி. கட்டாயம் கூட்டுவம்."

காரில் ஏறியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உமக்கேன் அந்தத் தேவையில்லாத கேள்வி?"

"அவர் படிப்பிச்சதைத்தானே கேட்டனான்," என்றாள்.

தோழர் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு மாதத்தில் பொதுக்கூட்டம் கூடியது, மத்தியானச் சாப்பாட்டோடு. எங்கள் ஆட்களின் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சாப்பாட்டுத் தட்டங்கள் சபைக்குப் பின்னால் மூடி வைக்கப்பட்டிருக்கும். கடைசித் தீர்மானம் நிறைவேறும்வரை மூடி திறக்காது. ஆட்டிறைச்சிக் கறி வாசத்தில் எந்த எதிர்க்கட்சியும் அரை மணித்தியாலத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. நான் இந்த முறையின் தலைசிறந்த தயாரிப்பு. முப்பது வருடமாகச் சங்கம் சங்கமாக நான் செய்திருப்பது ஒரே வேலை: யாரோ முன்மொழிந்து வாயை மூடுவதற்குள் "வழிமொழிகிறேன்" என்று எழும்புவது. முன்மொழிபவனுக்குத் துணிவு வேண்டும். எதிர்ப்பவனுக்கு அதைவிட வேண்டும். வழிமொழிபவனுக்குப் பசி இருந்தால் போதும்.

அன்று நூலகப் பொறுப்பாளர் ஒரு தாளை வாசித்தார். பத்து வருடத்துக்கு மேல் கற்பித்த ஆசிரியர்கள் இளையவர்களுக்கு வழிவிட வேண்டும், அவர்களைச் சங்கம் கௌரவ ஆலோசகர்களாக உயர்த்த வேண்டும் என்பது தீர்மானம். எங்கள் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் கற்பித்தவர் ஒரேயொருவர்தான். அவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் எழும்பினேன். "வழிமொழிகிறேன்."

"ஏகமனதாக நிறைவேறுது," என்றார் தோழர். கைதட்டல். பின்வரிசையில் கரண்டிகள் எடுக்கும் சத்தம். அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். பேசச் சொல்லி ஒலிவாங்கியை மட்டும் ஒருவரும் நீட்டவில்லை. ஒலிவாங்கிப் பொறுப்பாளர் சாப்பாட்டு வரிசையில் முதலாவதாக நின்றார். அவள் இறங்கி வந்து சால்வையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "அந்தாள் வாசிச்சதைக் கேட்டுத்தான் எழும்பினனீங்களோ?"

"பசியில ஒண்டும் கவனிக்கேல்லையப்பா," என்றேன்.

அந்தக் கதை சிட்னி முழுக்கப் பரவிற்று. ஆட்டிறைச்சிக்கு மனைவியைக் கொடுத்தவன் என்று கலியாண வீடுகளில் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், சில இடங்களில் நானே நடித்தும் காட்டினேன். ஏனென்றால் அந்தப் பகிடி எனக்கு வசதியாக இருந்தது. அது முழுப் பொய்.

கூட்டத்துக்கு முந்திய கிழமை தோழர் எனக்குப் போன் எடுத்திருந்தார். தீர்மானத்தைச் சொல்லுக்குச் சொல் வாசித்தார். "தம்பி, குடும்பத்திலயிருந்தே வழிமொழிஞ்சா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். உம்மைத் துணைச் செயலாளராப் போட யோசிச்சிருக்கிறன். கதிரை அடுக்கினது போதும்." நான் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றேன். மீசைக்காரரைப் பற்றி அவர் ஒரு நாள் சொன்னது இதுதான்: அந்தாள் தனியாக ஒருவரையும் விழுத்தியதில்லை, பக்கத்தில் நிற்பவனின் கையைத்தான் தூக்கவைத்தான். அதைக் கேட்டபோது, பக்கத்தில் நின்றவனெல்லாம் என்ன மனிசன் என்று நான்தான் எல்லாரிலும் உரத்துக் கேட்டவன்.

துணைச் செயலாளர் பதவி ஐந்து மாதமாகியும் எனக்கு வரவில்லை. அதற்காக நான் மனம் திருந்தினேன் என்று யாரும் நினைத்தால், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் என்னை உடைத்தது சனிக்கிழமைகள். அவள் பழைய நேரத்துக்கே எழும்பிக் குளித்துச் சேலை உடுத்துவாள். பிறகு குசினிக்குள் போய், துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள். அப்படி ஒரு சனிக்கிழமை, வாசலில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். தோழரின் போனையும் சொன்னேன், பதவியையும் சொன்னேன். எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் வந்தது.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள். "அவர் போன் எடுக்கேக்க நான் இஞ்சதானே நிண்டனான். நீங்கள் ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சனீங்கள்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை? கூட்டத்துக்குப் போகாமலே விட்டிருக்கலாமே?"

அப்போதுதான் அவள் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் எழும்பமாட்டீங்கள் எண்டு நினைச்சுத்தானே வந்தனான்."