ஏழுமலையின் தோளோடு திருவள்ளூர் வரை

போன வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ஒரு தோளை அழைத்துப் போனேன். அது என் மனைவியின் தம்பி ஏழுமலையுடையது. சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் செயின் பிளாக் இழுத்துப் பாரம் தூக்குபவன். ஒரு காலத்தில் அவன் இழுத்தால் ஆந்திர எல்லையே நாலடி இந்தப் பக்கம் நகரும். இரண்டு மாதமாக வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. திங்கட்கிழமை செயினைப் பிடிக்காவிட்டால் வேறு ஆள் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். எலும்பில் குறையில்லை என்ற டாக்டர், ‘மயோபேசியல் ரிலீஸ்’ என்ற, கையாலேயே செய்யும் சிகிச்சையைச் செய்து பார்க்கச் சொன்னார்.

காலை ஏழு மணிக்கு பஸ். ஊத்துக்கோட்டையில் நாஷ்டா, அங்கிருந்து திருவள்ளூர் பஸ். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கிளம்புமுன், போருக்குப் போகும் யானையைத் தயார்செய்வதுபோல் அரை பாட்டில் நல்லெண்ணெயை நானே அவன் தோளில் தேய்த்திருந்தேன். கைவைத்தியம் என்றால் எண்ணெய் இல்லாமலா?

திருவள்ளூரில் எங்களைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ரஹீம் பழவேற்காட்டுக்காரர். தோளைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

“இன்னா நைனா, கோழிக்கு மசாலா தடவி ஊறவெச்சா மாரி இட்டாந்துக்கிறீங்க?”

“செக்கு எண்ணெய் பாய்” என்றேன்.

“எந்த எண்ணெயா இருந்தா இன்னா, கை வழுக்குது. சோப்பு போட்டுக் கழுவிக்கினு வாங்க.”

குழாயடியில் அவன் முதுகை நான்தான் கழுவினேன். “கல்யாணத்துக்குக்கூட என்னை இப்டி யாரும் குளிப்பாட்டல மாமா” என்றான். சிரித்தேன். கைக்குள் அவன் தோள் காய்ந்த கட்டையாக இருந்தது.

கோழி உரிக்கும்போது கறியின்மேல் வெள்ளைச் சவ்வு தெரியுமே, நம் தசைகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டாம். அது இறுகினால் கை பூட்டிக்கொள்ளும் என்றார் ரஹீம். உலர்ந்த தோலில் விரல் ஊன்றி, மெல்ல இழுத்து, அப்படியே பிடித்துக் காத்திருந்தார். நெட்டி முறிக்கவில்லை, தேய்க்கவில்லை. அந்தப் பொறுமையில் பழவேற்காட்டு ஏரியே வற்றி நிரம்பியிருக்கும். ஏழுமலையின் கண்ணோரம் நீர் வழிந்தது.

“வலிக்குதா?”

“இல்ல பாய். ரெண்டு மாசமா பயந்துக்கினே இருந்தேன்.”

எழுந்து கையைத் தூக்கினான். காது வரை வந்தது.

“ஒரே தபால சரியாவாது. வாரா வாரம் வா. ஊட்ல தூக்கித் தூக்கிப் பழகு. செயின எடுத்ததும் முழு பலத்த காட்டாத” என்றார் ரஹீம்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். தளர்ந்த சட்டை போதும். எண்ணெய் பாட்டிலைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் பாதி சீட் காலி. “குந்து மச்சான்” என்றேன். அவன் வலது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீ குந்து மாமா. திங்கக்கெழம வரிக்கும் கை இத்த மறக்கக் கூடாது.”

ஊத்துக்கோட்டை வரை கம்பியை விடவில்லை.