இருபத்தைந்தாவது ஆள்

பெரிய ஆஸ்பத்திரியிலும் அதைச் சுற்றியுள்ள ஐந்து சுகாதார நிலையங்களிலும், சம்பள பில் போடும் குமாஸ்தாவைத் தவிர வேறு யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரிந்திருக்காது. எல்லோருக்கும் அவள் பட்டியலக்கா. கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். யாருக்கு என்றைக்கு ரத்தப் பரிசோதனை, எந்த நிலையத்துக்கு என்றைக்குக் கண் டாக்டர் வருகிறார், எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் எல்லாம் அதில் உண்டு. அவள் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள். பட்டியலை மட்டும் ஒருநாளும் தொலைத்ததில்லை.

நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தவள். பதினெட்டு வருஷம் ஊசி போட்ட பிறகு, ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெரிய பட்டத்தையும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையையும் கொடுத்தார்கள். அந்த அறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கதவு திறக்காது. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவள் அந்த வட்டாரத்து ஜனங்களின் அலைச்சலைப் பாதியாகக் குறைத்தாள். முன்பெல்லாம் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், ரத்தம் புதன்கிழமை எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை எங்கே என்று டாக்டர் கேட்பார். அதை எடுத்துக்கொண்டு போனால் டாக்டர் இருக்க மாட்டார். ஒரு காய்ச்சலுக்கு மூன்று நடை. பல வருஷமாக இந்தக் கூத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவள் ரத்தம் எடுக்கிற நாளைத் திங்களுக்கு மாற்றினாள். செய்தது அவ்வளவுதான். அதற்கே பதினொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

டயாலிசிஸ் மெஷின்கள் வந்ததும் அவளுடைய பிடிவாதத்தால்தான். அதற்கு முன் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்தில் மூன்று நாள் நகரத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். நோய் பாதி கொன்றால் பஸ் பாதி கொன்றது. அவள் மேலதிகாரிகளின் வாசலில் தவம் கிடந்து நாலு மெஷின்களைக் கொண்டுவந்தாள். பழைய மெத்தைகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து, சுத்திகரித்த தண்ணீருக்குத் தனிக் குழாய் இழுத்து, நோயாளிகளை வீட்டுப் பக்கத்திலிருந்தே ஏற்றிவர ஒரு வேனும் பிடித்தாள்.

நாலு மெஷின், வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரு ஆளுக்கு வாரத்தில் மூன்று நாள். எப்படிக் கூட்டிப் பெருக்கினாலும் இருபத்துநாலு பேருக்குத்தான் இடம். இருபத்தைந்தாவது ஆள் நகரத்துக்குப் போய்க்கொண்டே காத்திருக்க வேண்டும். அந்த இருபத்துநாலு பேரில் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் இடம் கிடைக்கும், உலகத்தை விட்டுப் போனாலும் கிடைக்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதல் வருஷத்தில் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் மகள் வீட்டோடு போய்விட்டார். அவருடைய இடம் ஒரு மாதம் சும்மா கிடந்தது. அந்த மாதத்தில், காத்திருந்த ஒரு பெண் இறந்துபோனாள். அன்றைக்குப் பட்டியலக்கா ஒரு விதி எழுதினாள். தொடர்ந்து மூன்று முறை வராதவரின் பெயரை அடித்துவிட்டு, இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன் அவளே அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். விதியில் அப்படி எதுவும் கிடையாது, அது அவளாக வைத்துக்கொண்ட பழக்கம். வேலை கூடக்கூட, வீட்டுக்குப் போவது போன் பண்ணுவதாகச் சுருங்கியது. கடைசியாக இரண்டு பெயர்களை அடித்தபோது போன்தான் செய்தாள். அதில் ஒருவர் போனை எடுக்கவே இல்லை. இருந்தும் அடித்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அடுத்த தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மிஷின் டாக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பட்டியலில் ஏழாவதாகக் காத்திருக்க ஆரம்பித்து, ஒன்றரை வருஷத்தில் முதலாவதாக வந்து நின்றான். இருபத்தைந்தாவது ஆள் இப்போது அவன்தான். வாரம் மூன்று நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு பஸ் ஏறினான். கால் வீங்கி, முகம் கறுத்து, ஆள் பாதியாகிப் போனான். வாய் மட்டும் குறையவில்லை.

"எத்தனை மிஷினுக்கு நான் உயிர் குடுத்திருக்கேன். ஒரு மிஷின் எனக்குத் திருப்பிக் குடுக்காதா?" என்பான். அக்கா முகம் வாடினால் உடனே, "நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? உன் பட்டியல்ல எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். நான் நூத்தியொண்ணாவது வருஷம் வரேன்" என்பான்.

சிரிப்பாள். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். யாராவது ஒருவர் போய்விடக் கூடாதா என்று ஒரு நினைப்பு வரும். அது வந்ததற்காகத் தலையில் அடித்துக்கொள்வாள். இருபத்துநாலு பேருடைய முகமும் அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டயாலிசிஸ் அறையின் தலைமை நர்ஸ் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, பெயிண்டர் இன்னிக்கும் வரல. திங்கள், புதன், வெள்ளி. மூணு ஆச்சு."

பெயிண்டர் என்பவர் வேன் போகிற பாதையின் கடைசிக் குடியிருப்பில் இருக்கிற ஆள். அறுபது வயதிருக்கும், வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிழைத்தவர். மூன்று வருஷத்தில் ஒருநாள் தவறினவர் இல்லை.

"போன் பண்ணியா?"

"ஸ்விட்ச் ஆஃப். டிரைவரும் மூணு நாளா ஆள் வரலைன்னுதான் எழுதியிருக்கார்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்தது உங்க தம்பிதான்க்கா."

வந்துவிட்டது, என் தம்பிக்கு வந்துவிட்டது என்றுதான் பட்டியலக்காவுக்கு முதலில் தோன்றியது. பெயிண்டருக்கு என்ன ஆயிற்று என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது. சூப்பரிண்டெண்ட் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். "விதி நீங்க எழுதினதுதானேம்மா? உங்க ஆளுன்னு யோசிக்காதீங்க. யாரா இருந்தாலும் இதைத்தானே செய்வோம்" என்றார்.

உண்மைதான். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே அடித்திருப்பாள். தம்பி என்பதால்தான் பேனா ஓடவில்லை. தம்பிக்காக ஒரு கிழவனை அடித்துவிட்டாள் என்று நாளைக்கு ஒருவன் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று நினைத்தாள். "நாளைக்கு ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்றாள்.

அதற்குள் தலைமை நர்ஸ் சந்தோஷம் தாங்காமல் தம்பி வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டாள். சாயங்காலம் பட்டியலக்கா போனபோது, தம்பி மனைவி நகரத்துக்குக் கொண்டுபோகிற துணிப்பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். இனி அது தேவையில்லை. தம்பி முகச்சவரம் செய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"திங்கக்கிழமை வேன் எத்தனை மணிக்குக்கா?"

"இன்னும் முடிவாகலடா. நாளைக்கு நான் போய்ப் பாக்கணும்."

"பாரு, பாரு. சட்டப்படி செய்" என்றான். அவன் கண்ணில் இருந்த வெளிச்சம் மட்டும் குறையவே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்து பெயிண்டர் வீட்டுக்குப் போனாள். சாவு வீடாக இருக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனாள். பெயிண்டர் உயிரோடு இருந்தார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி, படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தே மூன்று ராத்திரியைக் கழித்திருந்தார். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தன. அவளைப் பார்த்ததும் அவர் மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி சரியாயிடுச்சாம்மா?"

"எந்த வண்டி?"

"நம்ம வேன்தான். ரிப்பேருன்னு நெனச்சோம். மூணு நாளும் அஞ்சு மணிக்கே இவரைக் கொண்டுபோய்த் தண்ணித் தொட்டிகிட்ட உக்கார வெச்சேன். ஒம்பது மணி வரைக்கும் பாத்தோம், வரவே இல்ல."

பட்டியலக்காவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. முன்பு வேன் குடியிருப்புக்குள் நுழைந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்து திரும்பும். ஒடுக்கமான சந்துக்குள் வந்து திரும்பவே இருபது நிமிஷம் வீணாகிறது என்று, மெயின் ரோட்டு வளைவிலேயே நிறுத்தும்படி அந்த வாரம்தான் மாற்றியிருந்தார்கள். மாற்றியது வேறு யாரும் இல்லை, அவள்தான். இருபத்துநாலு பேருக்கும் நேரில் சொல்லிவிடுங்கள் என்று ஐந்து நிலையங்களுக்கும் எழுதியிருந்தாள். இந்தப் பக்கத்து நிலையத்தில் சொல்ல வேண்டிய பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். இருந்தவர்கள் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு, சொல்லியாயிற்று என்று பதில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலைப் பார்த்து இவளும் தன் பட்டியலில் ஒரு டிக் போட்டுக்கொண்டாள். பெயிண்டருக்கோ அவர் மனைவிக்கோ படிக்கத் தெரியாது. போன் விழுந்து உடைந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"ஹாரன் சத்தம் கேட்டுச்சும்மா" என்றார் பெயிண்டர், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. "ரோட்டுல வேற ஏதோ வண்டின்னு நெனச்சுட்டேன்."

தொட்டியிலிருந்து வளைவுக்கு இருநூறு அடிகூட இருக்காது. நடுவில் ஒரு வீட்டின் சுவர் மறைக்கிறது, அவ்வளவுதான்.

பட்டியலக்கா அந்த வீட்டு வாசலில் அப்படியே நின்றாள். இதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் தாமதித்து வந்திருந்தால் அந்த மனிதர் இருந்திருக்க மாட்டார், அவள் கையில் ஒரு பாவமும் ஒட்டியதாக உலகத்துக்குத் தெரிந்திருக்காது. இப்படியும் நினைத்தாள் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாகப் பெயிண்டரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். வழியெல்லாம் அவர் தலை அவள் தோளில் கிடந்தது. அன்று பகல் ஷிஃப்டில் ஒருவரைக் கெஞ்சிக் கொஞ்சம் தள்ளிவைத்து அவரை மெஷினில் போட்டார்கள். அவருடைய பெயர் அடிபடாமல் அப்படியே இருந்தது.

தம்பியிடம் அவளே போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மனைவி கொடியிலிருந்த துணிப்பையை எடுத்து மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

"சரி விடுக்கா. அந்த மனுஷன் எனக்கு என்ன எதிரியா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து லேசாகச் சிரித்தபடி, "நீ ரெண்டு நாள் கழிச்சு, திங்கக்கிழமை போயிருக்கலாம்" என்றான். அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பத்தொன்பதாவது நாள், நகரத்தில் டயாலிசிஸ் முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அவன் போய்விட்டான். மனைவியின் மேல் சாய்ந்துகொண்டிருந்தான். இரண்டு நாளாகத் தூங்காதவன், தூங்கட்டும் என்று அவள் அசையாமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தோள் மரத்துப்போன பிறகும் அசையவில்லை. இறங்கும் இடம் வந்து எழுப்பினபோதுதான் தெரிந்தது.

பட்டியலக்கா நாலே நாளில் வேலைக்குத் திரும்பினாள். வேன் மறுபடி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போக ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் எந்தப் பெயரையும் அடிக்கக் கூடாது என்பதை இப்போது விதியிலேயே சேர்த்தாள். பெயிண்டர் வந்துபோய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "எனக்கு உயிர் குடுத்த தாயி" என்று பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார். அவர் வருகிற நாட்களில் அவள் அந்த வராந்தா பக்கமே போவதை விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் கடையை ஒழிக்க வேண்டியிருந்தது. ரிப்பேருக்கு வந்த மெஷின்களில் அவன் கையெழுத்தில் சீட்டு கட்டியிருந்தது. 'டெய்லரம்மா, பெடல்', 'வாத்தியார் வீடு, ஊசி சிக்குது' என்று. பட்டியலக்காவும் தம்பி மனைவியும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்கள். தம்பி மனைவி அதுவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னவள் இல்லை. அன்றைக்குத் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்பல்லாம் நீங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கறதில்ல, போன்தான் பண்றீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அன்னிக்கு அடுத்த ஆளு இவரா இல்லாம வேற யாராவதா இருந்திருந்தா, பெயிண்டர் வீட்டுக்குப் போயிருப்பீங்களா?"

பட்டியலக்கா மெஷினின் சக்கரத்தைப் பிடித்தபடி இருந்தாள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டு, கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"போயிருக்க மாட்டேன்" என்றாள்.

"அந்த வேற ஆளுக்கு இடம் கெடச்சிருக்கும்."

"கெடச்சிருக்கும்."

"உங்க தம்பியா பொறந்ததாலதான் இவருக்குக் கெடைக்கல."

பட்டியலக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தம்பி மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் கேட்கவில்லை.

"இல்லன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே, அண்ணி."

எழுந்து, கடையை ஒட்டிய வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டியலக்கா மிச்சமிருந்த மூன்று மெஷின்களையும் தனியாகத் துடைத்தாள். உரியவர்கள் வந்து கேட்டபோது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம், சாத்திய கதவின் முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு, கடைச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.