முதல் மழைக்குத் தப்பிய தாய் மீன்

வெர்னா ஸ்கோக்ஸ்டாட் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். சியாட்டில் நகருக்கு எதிரே, வளைகுடாவின் மறுகரையில், ஆல்டர் ஓடையை ஒட்டி அவள் வீடு. இலையுதிர் காலத்தின் முதல் பெருமழை வந்தாலே அவளுக்குப் பயம்தான்.

தாம் பிறந்த ஓடையைத் தேடிக் கடலிலிருந்து கோஹோ சால்மன் மீன்கள் அந்த மழையோடுதான் ஏறி வரும். நெடுஞ்சாலையில் டயர்கள் தேய்ந்து உதிர்த்த விஷத் தூளைக் கழுவி ஓடையில் இறக்குவதும் அதே மழைதான். சில மணி நேரத்தில் மீன்கள் வாயைப் பிளந்து, வட்டமடித்து, மல்லாந்துவிடும். ஓடையைக் காக்கும் தொண்டர்களின் வழக்கப்படி, முட்டையிட்டதா என்று அறிய வெர்னா செத்த பெண்மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்ப்பாள். சினை அப்படியே இருக்கும், செக்கச்சிவந்த முத்துகளாய். முட்டையிடாமலே மாண்ட தாய்மார்கள்! அந்தத் தூளில் தன் பஸ்ஸின் பங்கும் உண்டே என்று அவள் விம்முவாள். வருகிற மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. இந்த வருடமும் இப்படியே போனால், இனி ஓடைக்குத் திரும்பி வர மீனே மிஞ்சாது.

அப்படி இருக்க, பக்கத்து வீட்டு டயர் கடைக்காரன் ராய்ஸ் சாலையோர வாய்க்காலில் மண் கொட்டி நிரப்புவதைக் கண்டால் பொறுப்பாளா?

"ஏய் ராய்ஸ்! டயர் வித்தது போதாதுன்னு வாய்க்காலையும் அடைச்சிட்டியா?"

"கத்தாத வெர்னா. உன் பஸ்ஸுக்கும் நான்தான் டயர் மாட்டுறேன், ஞாபகம் இருக்கட்டும்." ராய்ஸ் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டான். "அடைக்கல. அனுமதி வாங்கி மணலும் மக்கின உரமும் போட்டிருக்கேன். ரோட்டுத் தண்ணி நேரா ஓடையில விழாம இதுல வடிஞ்சு போகும். விஷம் இங்கயே தங்கிடுமாம்."

வெர்னா குனிந்து அந்த மணலைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன வருஷம் கரையில உக்காந்து அழுதியே, பாத்தேன். சொல்லி, பலிக்காமப் போனா? அதுக்கும் சேத்து அழுவே. என்னால தாங்க முடியாது தாயே."

அந்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் வெர்னா ஓடைக்கு ஓடினாள். கண்களை மூடித் திறந்து பார்த்தாள். ஒரு பெண்மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் கூழாங்கற்களை அடித்து முட்டையிடப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது!

"ராய்ஸ்! ஓடி வா!"

அவன் காபிக் கோப்பையோடு வந்தான். "அழறியா, சிரிக்கிறியா?"

"பேசாம பாரு."

ஆண்மீன் அருகே வந்து ஒட்டி நின்றது. பள்ளத்தில் முத்துகள் உதிர்ந்தன. கொஞ்ச நாளில் அந்தத் தாய் எப்படியும் சாகும். அது அதன் விதி. ஆனால் இந்தத் தடவை வயிற்றைக் காலி செய்துவிட்டு, நிம்மதியாகச் சாகும்.

வெர்னா அவன் காய்த்துப்போன கையைப் பற்றிக்கொண்டாள். "நன்றி ராய்ஸ்."

"எனக்கெதுக்கு?" ராய்ஸ் அந்த மீனைக் காட்டினான். "அந்தம்மாவுக்குச் சொல்லு. கடல்லேர்ந்து நம்மள நம்பி வந்திருக்கா."