வாவிக்கரைக்கு இரண்டு மடக்குக் கதிரைகள்

மாசி மாதக் காலையொன்றில் மட்டக்களப்பு நகரை விட்டு வடக்கே எங்கள் வான் வண்டியைத் திருப்பினேன். கல்குடா ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். பக்கத்து ஆசனத்தில் என் கணவர் நடேசன். பின்னால் ஒரு காஸ் அடுப்பு, தண்ணீர்க் கலன், கொழும்பில் வாங்கிய இரண்டு பயணக் கதிரைகள்.

நாங்கள் வவுனியாக்காரர். நான் புவியியல் படிப்பித்தவள். அவர் நீர்ப்பாசன வேலையில் குளக்கட்டுகளிலேயே முப்பது வருடம் நடந்தவர். ஓய்வு பெற்றதும் சொந்த வானில் இலங்கைக் கரையோரம் முழுவதும் சுற்றிவர வேண்டும், விடுதிகளில் தங்காமல் வெளியிலேயே சமைத்துச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓய்வு வந்த வருடமே பார்க்கின்சன் நோயும் வந்தது. கை நடுங்குவதை அவர் பொருட்படுத்தவில்லை. கதிரையில் இருந்தால் எழும்ப முடியாமற் போனதும், நடக்கையில் கால்கள் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்வதுந்தான் அவரை உடைத்தன. "முடிஞ்ச மட்டும் போய்வாங்கோ, பிந்த வேண்டாம்" என்றார் வைத்தியர். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி ஐந்து நாள் போய்ப் பார்ப்போம், சரிவந்தால் மேலே போவோம் என்று புறப்பட்டோம்.

கல்குடாவில் கடல் கொஞ்சம் கலங்கியிருந்தது. தாழைகளுக்கு அருகே கதிரைகளை விரித்தேன். மெல்லிய அலுமினியக் குழாய்களில் துணியைத் தொங்கவிட்ட வகை. மடித்தால் கைப்பைக்குள் அடங்கும், ஒரு கிலோ கூட இல்லை. பாரம் குறைவு என்பதற்காகவே அவற்றை வாங்கியிருந்தேன். பயணத்துக்குப் பொருள் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை அது. தூக்குவதைப் பற்றி யோசிக்கிறோம், இருப்பதைப் பற்றி யோசிப்பதில்லை.

அவர் இருந்தார். துணி குழிந்து அவரை உள்ளே வாங்கியது. முழங்கால்கள் மார்பளவுக்கு வந்துவிட்டன. தேநீர் குடித்து முடித்து எழும்பப் பார்த்தபோது பிடித்து ஊன்ற ஒன்றுமில்லை. ஒரு பக்கக் கால்கள் மணலுக்குள் இறங்கின. கதிரையோடு சரிந்து விழுந்தார்.

வலை உதறிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி ஓடிவந்தாள். இருவருமாக அவரைத் தூக்கி நிறுத்தினோம்.

"அடி கிடி பட்டிச்சா ஐயா? ஒண்டுமில்லயே?"

கரைவலைக்காரர் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவரின் சேட்டில் ஒட்டியிருந்த மணலை அந்தப் பெண் தட்டிவிட்டாள். அவர் முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வானுக்குள் ஏறியதும், "வசந்தி, நாளைக்கு வீட்டை போவம்" என்றார்.

"கதிரைதான் பிழை. நீங்கள் இல்லை."

"நீர் என்னவும் சொல்லும். நான் இனி ஒருத்தற்றை முன்னாலும் விழமாட்டன்."

அன்று மட்டக்களப்பில் ஒரு விடுதியில் தங்கினோம். வெளியிலேயே இருப்பது என்ற பேச்சு முதல் நாளே பொய்யாகிவிட்டது.

மறுநாள் அவரிடம் அதிகம் பேசாமல் கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்கு ஓட்டினேன். ஆறு கிலோமீற்றர். பிரதான வீதியில், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் பாலைவனக் கூடாரச் சாமான்கள் விற்கிறார் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் பெயர் ரிஸ்வான், நாற்பது வயதிருக்கும். கட்டாரில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். குளிர்காலம் வந்தால் அங்கே குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்தில் போய்த் தங்குவார்களாம்.

"சின்னாக்கள் என்னத்திலயும் இருப்பாங்க அக்கா. வாப்பாமாருக்கு எடுக்கக்குள்ளதான் கதிர பாத்து எடுக்கணும்" என்றார்.

மூன்று கதிரைகளை விரித்து வைத்தார். நான் ஒரு அளவு நாடாவை எடுத்து, என் கணவரின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்தேன். இருக்கை அதற்கு ஒரு விரற்கடையாவது மேலே இருக்க வேண்டும். முதலாவது பதிவாக, உயரம் குறைந்து இருந்தது. இரண்டாவதில் உயரம் சரி, ஆனால் கைப்பிடி வெறும் துணிப்பட்டி. ஊன்றினால் தொய்ந்தது. மூன்றாவது உருக்குக் குழாய்ச் சட்டம், உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் தூள்வர்ணம் பூசியது. மூட்டுகளில் பிளாஸ்ரிக் இல்லை, இரும்பு ஆணி. கன்வஸ் துணி இரட்டைத் தையலோடு விறைப்பாக இழுபட்டு நின்றது. மரக் கைப்பிடிகள் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருந்தன. கால்கள் தனித்தனியாகக் குத்தி நிற்காமல் இரண்டிரண்டாகக் கீழே ஒரு குழாயில் சேர்ந்து, சறுக்குப் பலகை போல் தரையில் படிந்தன. ஆறு கிலோ. பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

அவர் இருந்து பார்த்தார். கைப்பிடிகளில் ஊன்றி, முன்னுக்குச் சாய்ந்து, இரண்டாவது முயற்சியில் எழும்பினார். மீண்டும் இருந்தார், மீண்டும் எழும்பினார்.

"இது பத்துப் பன்ரெண்டு வருசத்துக்கு அசையாது ஐயா" என்றார் ரிஸ்வான்.

"எனக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது தம்பி."

ரிஸ்வான் கையிலிருந்த துணியால் கைப்பிடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமிருக்கவில்லை. பிறகு உள்ளே போய் அதே மாதிரி இன்னொன்றைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு எடுங்க. ஒண்டு உசரம், ஒண்டு பதிவு எண்டா அக்கா உங்கள அண்ணாந்து பாத்துத்தான் கதைக்கணும். ரெண்டு பேரும் ஒரு மட்டத்துல இரிங்க."

என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "சரி. ரெண்டும் தாரும்" என்றார். முழங்கால் உயரத்தில் இறுக்கமான ஒரு கட்டிலும், கோப்பை வழுகாமல் ஓரம் உயர்த்திய மேசையும் எடுத்தோம். வீட்டுக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆரையம்பதி கழிய மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். மேற்குக் கரை முழுவதும் நெல். கொக்கட்டிச்சோலையில் சிவன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு இன்னும் சில கிலோமீற்றர் கிரவல் பாதையில் போனோம். கண்ணுக்கெட்டிய மட்டும் விளைந்து சாய்ந்த கதிர். அந்த வயல் வட்டையில் காவல் குடிலான வாடியொன்றின் அருகே நின்ற சிவலிங்கம் என்ற விவசாயியிடம் இரவு தங்க இடம் கேட்டேன். அவருடைய மனைவி பூமணி முந்திக்கொண்டார்.

"வெளியில படுக்கிறதா? பனி கொட்டும் அக்கா. நம்மட வீட்டில அறை கிடக்கு, வாங்க."

"வெளியில இருக்கத்தான் வந்தனாங்கள் பிள்ளை" என்றார் என் கணவர்.

சிவலிங்கம் சிரித்தார். "அப்ப வானுக்குப் பக்கத்திலயே இரிங்க ஐயா. ஆனை வந்தா உடன ஏறலாம்."

வரம்போரம் நிலம் இறுகியிருந்த இடத்தில் கதிரைகளை எதிரெதிரே வைத்தோம். வான் இருபது முப்பது அடி தள்ளி, இறுகிய பாதையில் நின்றது. அதன் இரு பக்கமும் வயல் ஈரமாக இருந்ததால் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தேன். மாலை வெயில் நெல்லின்மேல் கிடந்தது. அவர் கதிரையில் நிமிர்ந்திருந்து, எந்த வாய்க்கால் எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருகிறது என்று எனக்குக் கைகாட்டிச் சொன்னார். அந்தக் குரலை நான் கேட்டு நெடுங்காலம்.

பொழுது சாயும் நேரம் பூமணியுடன் குழாய்க்கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனேன். கலன் பாதி நிறையுமுன் சிவலிங்கத்தின் குரல் கேட்டது.

"ஆனை! ஆனை இறங்கிட்டு! ஐயாவ வானுக்க ஏத்துங்க!"

தூரத்துப் பற்றையிலிருந்து இரண்டு யானைகள் வரம்பில் ஏறி நின்றன. கலனைப் போட்டுவிட்டு ஓடினேன். சேலை காலில் தடக்கியது. நான் போய்ச் சேருமுன் எதுவும் நடக்கலாம் என்று தெரிந்தது. அவர் கைப்பிடிகளில் ஊன்றுவது தெரிந்தது. எழும்பிவிட்டார். அப்படியே நின்றார். கால்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மேல் உடம்பு முன்னுக்குப் போகிறது, பாதம் அசையவில்லை. விழப்போகிறார் என்று கத்தினேன்.

அவர் எதிரே கிடந்த என் கதிரையின் கைப்பிடிகளைப் பிடித்தார். அதை வான் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினார். கீழ்க்குழாய் இறுகிய மண்ணில் வழுகிப் போனது. கால் ஒட்டினால் முன்னால் ஒரு கோட்டை மிதிப்பதாக நினைக்கச் சொல்லி வைத்தியர் காட்டியிருந்தார். அந்தக் குழாயை மிதிக்கப்போகிறவர்போல் ஒரு பாதத்தைத் தூக்கி வைத்தார். மீண்டும் தள்ளினார், மறு பாதம். நான் மூச்சிரைக்க அவரை எட்டியபோது பாதித் தூரம் வந்திருந்தார்.

"என்னைப் பிடியாதையும்" என்றார். "கதவைத் திறவும்."

திறந்தேன். அவராகவே ஏறினார்.

யானை விரட்டும் வெடி வெடித்தது. பக்கத்து வாடிகளிலும் வெடித்தார்கள், தகரம் தட்டினார்கள். யானைகள் எங்கள் பக்கம் வரவில்லை. சிவலிங்கத்தின் விளைந்த நெல்லுக்குள் இறங்கின. நன்றாக இருட்டும் வரை வான் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தோம். தப்பிவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு வந்தது. அவ்வளவு விரைவாக அது வந்ததை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

விடிந்ததும் பார்த்தோம். ஒரு ஏக்கர் அளவில் நெல் சேற்றோடு சேர்ந்து கிடந்தது. வருகிற கிழமை வெட்டு மெசினுக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம். வருடச் சாப்பாட்டுக்கென்று வைத்த துண்டும் அதுதானாம். சிவலிங்கம் உள்ளே இறங்கி, மிதிபட்ட கதிர்களை ஒவ்வொரு பிடியாக நிமிர்த்திப் பார்த்தார். கையை எடுக்க அவை மீண்டும் சாய்ந்தன.

அந்த நிலையிலும் பூமணி எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நாங்கள் கதிரைகளை வயலைப் பார்க்க வைத்திருந்தோம்.

"இரும் பிள்ளை" என்றார் என் கணவர், பக்கத்துக் கதிரையைக் காட்டி.

"வேலை கிடக்கு ஐயா."

"கொஞ்சம் இரும்."

பூமணி கதிரை விளிம்பில் இருந்தார். பிறகு பின்னுக்குச் சாய்ந்தார். "நல்ல கதிர. எங்க வாங்கின நீங்க?" என்று கேட்டார். நான் கடையைச் சொல்லத் தொடங்கும்போதே கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. என் கணவர் வயலையே பார்த்தபடி அவர் பக்கத்தில் இருந்தார். அந்தத் தேத்தண்ணி ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

வயலிலிருந்து சிவலிங்கம் கூப்பிட்டார். என் கணவர் முதலில் ஊன்றி எழும்பினார். பூமணிக்குக் கையை நீட்டினார். அது வழமைபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. பூமணி அதைப் பிடித்து எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்.

சாமான்களை ஏற்றிப் புறப்பட்டோம். வவுனியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு கதிரைகள் இருக்கின்றன. நோய் வந்த நாள் முதல் அவற்றில் வெளி ஆட்கள் அநேகமாக இருந்ததில்லை. வாசற் படலையை யாராவது தட்டினால் அவர் அறைக்குள் போய்விடுவார். "படுத்திருக்கிறார்" என்று நான் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன்.

மண்முனைப் பாலத்தில் வாவிக் காற்று உள்ளே வீசியது. அடுத்து வடக்கே பனிச்சங்கேணிப் பக்கம் போகலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"வசந்தி, இன்னும் ரெண்டு கதிரை வாங்க வேணும். ஆக்கள் வந்தால் இருக்க இடமில்லை."