பாஞ்சாலியின் சோளக்காடும் காளியப்பனின் நாயனமும்

பாலக்கோட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்த இசை மையத்துக்கு வருசத்தில் பத்து மாதம் பூட்டுதான். ஐப்பசி பிறந்தால்தான் உயிர் வரும். எங்கெங்கிருந்தோ வித்வான்கள் பெட்டி படுக்கையோடு வந்து தங்குவார்கள். காலையும் மாலையும் சாதகம் செய்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி நடக்கும். அதே ஐப்பசியில்தான் மையத்தை ஒட்டிய இரண்டு ஏக்கரில் பாஞ்சாலியின் சோளமும் பால் பிடிக்கும். கிளிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

பாஞ்சாலிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அந்த நிலம் மையத்துக்குச் சொந்தம். அவள் வாரத்துக்கு உழுதாள். விளைந்ததில் பாதி மையத்துக்கு, பாதி அவளுக்கு. அந்தப் பாதிதான் அவள் வீட்டில் வருசம் முழுக்க அடுப்பேறும். கிளி விரட்ட அவளிடம் இருந்தது ஒரு எண்ணெய்த் தகரம், ஒரு கட்டை, ஊரையே எழுப்பும் தொண்டை.

எண்பத்தாறாம் வருசம் வயலின்காரர் ஒருவர், “இது சங்கீதம் பழகுற இடமா, ஈயம் பூசுற இடமா?” என்று கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிட்டார். மையத்து மேனேஜர் செபாஸ்டின் காட்டுக்கு வந்தார். நல்ல மனுசர்தான், ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

“பாஞ்சாலி, காலைல ஆறுலருந்து எட்டு, சாயந்திரம் நாலுலருந்து ஆறு. அந்த நேரத்துல உன் தகரச் சத்தம் கேக்கக் கூடாது. கேட்டா அடுத்த வருசம் நிலத்தைத் தரிசாப் போடச் சொல்லிடுவாங்க. என் கையில இல்லம்மா.”

“அந்த நேரத்துலதானுங்க சார் கிளியும் திங்க வருது?”



தகரம் தட்டினால் நிலம் போகும், தட்டாவிட்டால் சோளம் போகும். வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். பாஞ்சாலிக்கு அழுகைக்கு முன்னால் கேள்வி வரும், பிறவிக் கோளாறு.

“அவங்களும் உள்ள சத்தம் போட்டுக்கிட்டுதான இருக்காங்க? அதுக்குக் கிளி பயப்படாதுங்களா? காட்டுப் பக்கத்துத் தாழ்வாரத்துல உக்காந்து வாசிக்கச் சொல்லுங்க சார். நான் வாயே தொறக்க மாட்டேன்.”

செபாஸ்டினுக்குச் சிரிப்பு வந்தாலும் ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பாஞ்சாலி காட்டு நடுவிலிருந்த காவல் பரண்மேல் உட்கார்ந்து வித்வான்களைப் பரீட்சை பண்ணினாள். வயலினுக்குக் கிளிகள் அசையவே இல்லை. புல்லாங்குழலுக்கு இன்னும் பத்துக் கிளி வந்து சேர்ந்தது. மிருதங்கத்துக்கு இரண்டு நாள் மிரண்டன. மூன்றாம் நாள் தாளம் தவறாமல் கொத்தின. பட்டம் பதக்கமெல்லாம் வாங்கிய பாடகர் ஒருவர் தங்கிய வாரம் ஒரு வரிசைக் கதிர் மொட்டையானது. இவ்வளவு பெரிய மனுசரை ஒரு கிளிகூட மதிக்கவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம், வயிறும் எரிந்தது.

பிறகு காளியப்பன் வந்தார். அவளைவிட நாலைந்து வயது மூத்த நாயனக்காரர். தொப்பூர்க் கணவாயில் வேன் கவிழ்ந்து முன்பல் மூன்று போய், பொய்ப்பல் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் தங்கிப் பழையபடி ஊதிப் பழக வந்திருந்தார். ஊதுவார், கொஞ்ச தூரம் போகும், காற்று பிசகி அறுந்துபோகும். தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி எடுப்பார். அப்படி அறுந்து எடுக்கும்போதெல்லாம் கிளிகள் கும்பலாக எழுந்து ஓடின.

பாஞ்சாலிக்கு விஷயம் பிடிபட்டது. சத்தம் நிற்காமல் ஓடினால் கிளி பழகிக்கொள்கிறது. எப்போது நிற்கும், எப்போது வெடிக்கும் என்று தெரியாவிட்டால்தான் பயம். மாமியாரிடம் மருமகள்கள் படுகிற பாடும் இதுதானே!

வேலியோரம் வந்த காளியப்பனிடம் மறைக்காமல் சொன்னாள். “கோவிச்சுக்காதீங்கண்ணா. நீங்க தப்பு பண்றப்பதான் எங்காடு பொழைக்குது.”

அவர் பொய்ப்பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப இந்த மாசம் பூரா உனக்குக் கவலையில்லம்மா.”

அதன்பின் தினமும் வந்து, கிளி எத்தனை தடவை ஓடியது என்று கேட்பார். இருபது, பதினாலு, ஒன்பது. குறையக் குறைய அவர் முகம் மலர்ந்தது, அவள் மொட்டையான கதிர்களை எண்ணத் தொடங்கினாள். ஆனாலும் அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காளியப்பனின் கச்சேரி. அறுப்புக்கு இன்னும் நாலு நாள்தான். தாழ்வாரத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரமாகியும் நாயனம் அறுந்துபோகவில்லை. பாஞ்சாலிக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த நிமிசம் கிளிக்கூட்டம் இறங்கி, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி நிதானமாக உட்கார்ந்தது.

கட்டையை எடுத்தாள். ஒரே தட்டுப் போதும். நிலம் போய்விடும் என்பது அப்போது அவள் நினைவிலேயே இல்லை; அந்த மனுசன் வாசிப்பு அறுந்துவிடுமே என்றுதான் கை நின்றது. கட்டையைப் போட்டுவிட்டுப் பரணிலிருந்து குதித்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, முந்தானையை வீசிக்கொண்டு, கதிர்களை உலுக்கியபடி சோளத்துக்குள் ஓடினாள். இந்தப் பக்கம் எழுந்த கிளிகள் அந்தப் பக்கம் இறங்கின, அங்கேயும் ஓடினாள். முக்கால் மணி நேரம் நாயனம் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் காளியப்பன் நேராக வேலிக்கு வந்தார். கிழக்கோரத்தில் மொட்டையாக நின்ற கதிர்களைப் பார்த்தார். சோளத்தோகை கீறி ரத்தம் கசிந்த அவள் கைகளைப் பார்த்தார்.

“அய்யோ, தகரத்தைத் தட்டிருக்கலாமேம்மா!”

“தட்டிருந்தா நடுவுல அறுந்திருக்குமுங்களே.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். கேட்காமலும் இருக்க முடியவில்லை. “எங்கயாச்சும் அறுந்துச்சா? சரியாச் சொல்லு.”

பாஞ்சாலி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். “எங்கயும் இல்லீங்கண்ணா. ஒரு கிளிகூட உங்களுக்குப் பயப்படல.”